காரின் முன் அச்சு மூட்டு: பழுதை அறிதலும் நீக்குதலும்

தோட்டப்புறத்து வீடுகளின் முன்னே ஒரு காலத்தில் மிதிவண்டிகள் நின்றன. பின்னர் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இன்று செம்பனைத் தோட்டக் குடியிருப்புகளிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிக் கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களில் குடியமர்ந்தோரின் வாயில்களிலும் பழைய கார் ஒன்றேனும் நிற்கக் காண்கிறோம். அது பெரும்பாலும் புரோட்டோன் சாகாவாகவோ, 1992இல் வந்த ஈஸ்வாராவாகவோ, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலாகவோ இருக்கும். தந்தை ஓட்டிய காரை மகன் ஓட்டுகிறான். மகன் புதிய கார் வாங்கினால் பழையது தங்கைக்குப் போகிறது. அந்தக் கார்தான் மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், கோலாலம்பூரில் உள்ள உறவினர் வீட்டிற்கும் குடும்பத்தைச் சுமந்து செல்கிறது.

இத்தகைய கார்களுக்கு மிகுதியாக வரும் நோய் ஒன்றை இப்பாடத்தில் ஆராய்வோம். காரைத் திருப்பும்போது முன்சக்கரத்தின் அருகே 'டக், டக், டக்' என ஒலி எழுகிறது. நேராக ஓட்டினால் ஒலி நின்றுவிடுகிறது. சில மாதங்கள் இப்படியே ஓடும். பிறகு ஒருநாள் எஞ்சின் உறுமியும் கார் நகராது. முன் அச்சின் மூட்டு முறிந்துவிட்டது என்பதே அதன் பொருள். பட்டறைகளில் இதை 'டிரைவ் ஷாஃப்ட் போய்விட்டது' என்பார்கள். உண்மையில் தண்டு கெடுவது அரிது. தண்டின் முனையில் உள்ள மூட்டே கெடுகிறது. அம்மூட்டும் தானாகக் கெடுவதில்லை. அதை மூடியிருக்கும் சிறு ரப்பர் உறை கிழிந்து, அதை எவரும் காணாமல் விடுவதால்தான் கெடுகிறது. மூட்டின் விலையோடு ஒப்பிட்டால் உறையின் விலை மிகச் சிறிது. தொழிலாளியின் பணம் வீணாவது இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில்தான்.

மூட்டின் அமைப்பு

1970களில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய டாட்சன் 120 ஒய் போன்ற கார்களை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பர். அவற்றில் எஞ்சின் முன்னே இருந்தது. இழுக்கும் சக்கரங்கள் பின்னே இருந்தன. நடுவில் ஒரு நீண்ட தண்டு காரின் அடியில் சென்றது. அத்தண்டின் முனைகளில் சிலுவை வடிவ மூட்டுகள் இருந்தன. சிலுவை மூட்டுக்கு ஒரு குறை உண்டு. அது மடங்கிய நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை விரையும். இரு முறை தயங்கும். மடிப்புக் கோணம் 30 பாகையானால் இவ்வேறுபாடு சராசரி வேகத்திற்கு மேலும் கீழும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை போகும். பின்சக்கரக் கார்களில் கோணம் சிறிது. அன்றியும், ஒரு முனையின் தயக்கத்தை மறுமுனை ஈடுசெய்துவிடும். ஆகவே அக்குறை வெளியில் தெரியவில்லை.

சாகா வந்தபோது நிலைமை மாறியது. 1985 ஜூலையில் ஷா ஆலாம் தொழிற்சாலையில் அறிமுகமான அக்கார், மிட்சுபிஷி லான்சர் ஃபியோரியைத் தழுவி அமைந்தது. அதில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருந்தது. முன்சக்கரங்களே காரை இழுத்தன. ஒரே சக்கரம் இழுக்கவும் வேண்டும், பக்கவாட்டில் திரும்பவும் வேண்டும். சிலுவை மூட்டை அங்கே வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டீரிங் கையில் உதறும். ஆதலால், எவ்வளவு மடங்கினாலும் உட்புகும் வேகமும் வெளிப்படும் வேகமும் ஒன்றாகவே இருக்கும் மூட்டு தேவைப்பட்டது. இதையே பட்டறைகளில் 'சி.வி. ஜாயிண்ட்' என்கின்றனர், சமவேக மூட்டு எனலாம்.

இதன் உள்ளமைப்பு வியப்புக்குரியது. கிண்ணம் போன்ற வெளிக்கூட்டின் உட்புறத்தில் ஆறு வளைந்த பள்ளங்கள் உள்ளன. அதனுள் பொருந்தும் உருண்டை வடிவ உள்ளுறுப்பிலும் ஆறு பள்ளங்கள் உள்ளன. எதிரெதிரான பள்ளங்களுக்கு இடையே ஆறு எஃகுக் குண்டுகள் அமர்ந்திருக்கும். ஆறு சாளரங்கள் கொண்ட ஒரு கூண்டு அக்குண்டுகளை ஒரே தளத்தில் பிடித்து நிறுத்தும். மூட்டு மடங்கும்போது அந்தத் தளம் எப்போதும் இரு தண்டுகளுக்கும் சரி நடுவில் நிற்கும். வேகம் சமமாவதன் இரகசியம் இதுவே. 1920களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் செப்பா என்னும் பொறியாளர் இதை வகுத்தார். 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி கார், இவ்வகை மூட்டைச் சாதாரண மக்களின் கார்களுக்குக் கொண்டுவந்தது.

சாகாவின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு மூட்டுகள் உண்டு. சக்கரத்தின் அருகில் இருப்பது வெளிமூட்டு. திருப்பத்தின் முழு மடிப்பையும் தாங்குவது இதுவே. கியர் பெட்டியின் அருகில் இருப்பது உள்மூட்டு. அது அதிகம் மடங்காது. ஆனால் சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது தண்டின் நீளத்தை ஈடுசெய்ய முன்னும் பின்னும் வழுக்கும். வேலை வேறாதலால் இரண்டும் கெடும்போது எழும் குறிகளும் வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நோயை அறிவது எளிது.

உறை கிழிந்தால்

பதின்மூன்று அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 550 முறை சுழல்கிறது. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே பிரிக்பீல்ட்ஸ் சென்றால், ஒரு வழிப் பயணத்திலேயே மூட்டு 16,000 முறைக்கு மேல் சுழன்றுவிடும். இவ்வளவு உழைப்பையும் அது தாங்குவது, உள்ளே அடைத்திருக்கும் சில கரண்டி கருப்பு கிரீசினால்தான். அந்த கிரீசை உள்ளே வைத்திருப்பதும், சேற்றையும் நீரையும் வெளியே நிறுத்துவதும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையின் கடமை. பட்டறைகளில் இதை 'பூட்' என்பர்.

ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நம்மவர்க்கு இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். நாம் சீவி எடுத்த பாலில் பிறந்த இயற்கை ரப்பர் டயருக்கு மிக உகந்தது. ஆனால் எண்ணெயும் கிரீசும் பட்டால் உப்பி வலுவிழந்துவிடும். ஆகவே பூட்டுக்குப் பெரும்பாலும் குளோரோபிரீன் என்னும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகின்றனர். அதுவும் அழியாத பொருள் அன்று. எஞ்சினின் வெப்பமும் நம் நாட்டு வெயிலும் சேர்ந்து ஆண்டுகள் பல தாக்கும்போது, மடிப்புகளின் அடிப்பகுதியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. செம்மண் பாதையில் தெறிக்கும் கல்லோ குச்சியோ அதைப் பெரிதாக்குகிறது.

உறை கிழிந்தவுடன் கிரீஸ் சுழற்சியால் வெளியே வீசப்படும். வெளியே போனதைவிட உள்ளே வருவதே கொடிது. செம்மண் தூளும் மழைநீரும் மிச்சக் கிரீசோடு கலந்தால், அது உப்புத்தாள் போன்று எஃகை அரைக்கும் குழம்பாகிவிடும். குண்டுகள் ஓடும் பள்ளங்கள் குழிகின்றன. குண்டு குழிக்குள் விழுந்து எழும்போது 'டக்' என்ற ஒலி பிறக்கிறது. ஒலி கேட்கத் தொடங்கிய பின்னர் புதிய கிரீசைத் திணித்தால், ஒலி சில வாரம் தணியலாம். குழிந்த எஃகு மீண்டும் வளராது. விற்பனைக்கு வைத்த பழைய காரில் இந்தத் தந்திரத்தைச் செய்து கைமாற்றிவிடுவோரும் உளர். வாங்குவோர் விழிப்போடு இருக்க வேண்டும்.

வெள்ளநீரையும் மறக்கலாகாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் பல பகுதிகளிலும் கார்கள் நீரில் மூழ்கியதை நாம் அறிவோம். அத்தகைய வெள்ளத்தில் நின்ற கார்களின் இருக்கைகளைக் காயவைத்தார்கள், எஞ்சின் எண்ணெயை மாற்றினார்கள். அச்சு மூட்டின் உறையைத் திறந்து பார்த்தவர் சிலரே. வெடிப்பு இருந்திருந்தால் அன்று புகுந்த நீர் அங்கேயே துருவை வளர்த்துக்கொண்டிருக்கும்.

நோயை அறியும் முறை

காப்பார் வட்டாரத்தில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவரின் அனுபவம் நம் செவிக்கு எட்டியது. அவருடைய ஈஸ்வாராவில் ஒலி கேட்டதும், ஓரிடத்தில் டயரைக் குறை சொல்லி இரு டயர்களை மாற்றினர். வேறோரிடத்தில் சக்கர பேரிங்கை மாற்றினர். ஒலி போகவில்லை, பணம் போயிற்று. கடைசியில் கிள்ளானில் ஓர் இளம் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு சென்றார். அந்த இளைஞர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முதலில் கேள்விகளையே கேட்டார்.

"எவ்வளவு நாளாக இந்தச் சத்தம், அண்ணே?"

"தீபாவளிக்கு முன்னாலிருந்தே இருக்கிறது, தம்பி."

"நேராகப் போகும்போது கேட்கிறதா?"

"இல்லை. எங்கள் சந்தில் வளைத்துத் திருப்பும்போதுதான் கேட்கிறது. வலப்பக்கம் திருப்பினால் அதிகம்."

"அப்படியானால் டயரைக் குறை சொல்லிப் பயனில்லை, அண்ணே" என்று கூறிய இளைஞர், இடப்பக்கச் சக்கரத்தின் உட்புறம் கையை விட்டு எடுத்தார். விரல்கள் கருப்பாக இருந்தன.

இவ்வுரையாடலில் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வலப்பக்கம் திருப்பும்போது உடலின் பாரம் இடப்பக்கச் சக்கரத்தின்மீது சாய்கிறது. அங்குள்ள வெளிமூட்டு மடங்கியபடியே அதிகச் சுமையை இழுக்கிறது. ஆகவே வலத்திருப்பத்தில் ஒலி என்றால் பெரும்பாலும் இடப்பக்க மூட்டும், இடத்திருப்பத்தில் ஒலி என்றால் பெரும்பாலும் வலப்பக்க மூட்டும் ஐயத்திற்குரியன. 'பெரும்பாலும்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். கண்ணால் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

சோதிக்க விரும்புவோர், ஆளும் வாகனமும் இல்லாத சமமான திடலைத் தேடிக்கொள்க. பிரிக்பீல்ட்சின் ஜாலான் ஸ்காட் போன்ற நெரிசலான தெருக்கள் இதற்கு ஏற்றவை அல்ல. கண்ணாடிகளை இறக்கி, வானொலியை அணைத்துவிட்டு, ஸ்டீரிங்கை ஒருபுறம் இறுதி வரை திருப்பி, முதல் கியரில் மெல்ல வட்டமிடவேண்டும். வட்டமிடும்போதே எண்ணெய்ப் பெடலைச் சற்று அழுத்தினால், கெட்ட மூட்டு தாளம் தப்பாமல் ஒலிக்கும். வேகம் கூடினால் தாளமும் விரையும். பின்பு மறுபுறம் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்னோக்கி ஓட்டியும் ஒருமுறை சோதிப்பது நலம். தேய்வு தொடங்கிய நிலையில் சில மூட்டுகள் பின்னோக்கிச் செல்லும்போதுதான் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

ஒத்த ஒலிகளைப் பிரித்தறிவதும் தேவை. வேகத்தோடு வளர்ந்து, நேராக ஓடும்போதும் நிற்காமல் 'ஊம்' என முழங்குவது சக்கர பேரிங். பெடலை அழுத்தும்போதும் விடும்போதும் ஒரே ஒரு முறை 'டொக்' என அடிப்பதும், வேகம் எடுக்கும்போது காரின் முன்புறம் இடவலமாக நடுங்குவதும் உள்மூட்டின் குறிகளாக இருக்கலாம். தளர்ந்த எஞ்சின் தாங்கியும் இத்தகைய அடியைத் தரும். ஆதலால் அதையும் பார்க்க வேண்டும். சாலை மேடுகளில் ஏறி இறங்கும்போது மட்டும் தட்டும் ஒலி, அச்சு மூட்டைச் சேர்ந்ததன்று. கீழ்க்கையின் பால் ஜாயிண்டையோ நிலைப்படுத்தும் கம்பியின் இணைப்பையோ அது சுட்டும்.

இந்தப் பால் ஜாயிண்டைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அச்சு மூட்டு கெட்டால் கார் நிற்கும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்து விழும். முன்னது ஆரவாரம் செய்துவிட்டுக் கெடுகிறது. பின்னது பல வேளைகளில் ஒலியின்றியே தேய்கிறது. ஆகவே டக் டக் என்ற ஒலிக்காகக் காரைத் தூக்கும் அன்றே பால் ஜாயிண்டையும் அசைத்துப் பார்த்துவிட வேண்டும். தனியார் கார்களுக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்று ஒன்று இல்லை. எனவே, கைமாறாமல் ஒரே குடும்பத்தில் ஓடும் காரின் அடிப்புறத்தைப் பத்தாண்டாக எவருமே பார்க்காதிருத்தல் இயலும்.

முற்றாக முறிந்துவிட்டால்

ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், கூண்டு உடைந்து குண்டுகள் சிதறுகின்றன. அல்லது தண்டு மூட்டிலிருந்து வழுக்கி வெளியே வருகிறது. அப்போது கியர் போட்டுப் பெடலை அழுத்தினால் எஞ்சின் சுழலும், வேகமானியின் முள்ளும்கூட ஏறும், கார் மட்டும் நகராது. முள் ஏறுவதைக் கண்டு பலர் குழம்புவர். சாகா போன்ற கார்களில் வேகமானி கியர் பெட்டியிலிருந்து இயங்குகிறது, சக்கரத்திலிருந்து அன்று. இரு பக்கத்திற்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல், எதிர்ப்பு இல்லாத பக்கத்தையே சுழற்றும். முறிந்த பக்கம் வீணே சுழல, நல்ல பக்கச் சக்கரத்திற்கு விசை போவதில்லை. 'கிளட்ச் போய்விட்டது', 'கியர் பெட்டி போய்விட்டது' என்று தவறாக முடிவு செய்து பெருஞ்செலவில் இறங்குவது இந்த இடத்தில்தான். காரின் அடியில் குனிந்து, ஒருவர் மெதுவாகக் கியரைப் போடும்போது தண்டின் எப்பகுதி சுழல்கிறது, எப்பகுதி நிற்கிறது என்று எட்ட நின்று நோக்கினாலே உண்மை புலப்படும்.

இதே காரணத்தால் விளையும் ஓர் ஆபத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள காரை 'பி' நிலையில் வைத்தால் நிற்கும் என்று நம்புகிறோம். சாதாரணக் காரை முதல் கியரில் விட்டால் நிற்கும் என்றும் நம்புகிறோம். ஒரு பக்க அச்சு மூட்டு முறிந்தபின் இவ்விரண்டும் காரைப் பிடிக்கமாட்டா. கியர் பெட்டி பூட்டிக்கொண்டாலும், முறிந்த பக்கம் தடையின்றிச் சுழல்வதால் கார் சரிவில் உருளும். கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதால் அது ஒன்றே துணை. முதலில் கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ அண்டை கொடுத்த பிறகே காரிலிருந்து இறங்க வேண்டும். பழைய கார்களில் கைப்பிரேக் கம்பி தளர்ந்திருப்பது வழக்கம். அதை முன்கூட்டியே இறுக்கி வைத்தல் நலம்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் இது நேர்ந்தால், காரின் ஓட்டம் தீரும் முன்னரே இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். மோட்டார் சைக்கிள்களுக்கென ஒதுக்கிய பாதையின் வாயிலை அடைத்து நிறுத்தலாகாது. வேகமாக வரும் இளைஞரின் உயிர் அதில் இருக்கிறது. இழுத்துச் செல்லும் வண்டி வந்தால், முன்சக்கரங்களைத் தூக்கியே இழுக்கும்படி கேட்டுக்கொள்க. முறிந்த தண்டு தொங்கிச் சுழன்றால் பிரேக் குழாயையும் கியர் பெட்டியின் உடலையும் அடித்துச் சிதைக்கும்.

கழற்றுதல்

கைத்தொழிலில் பழக்கம் உள்ளவர் இவ்வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். பழக்கமில்லாதவர் பட்டறைக்குச் செல்வதே முறை. ஆயினும் செய்முறை தெரிந்திருந்தால் அங்கு நடப்பது சரியா என்று கண்டுகொள்ளலாம்.

தோட்டத்து மண் தரை ஜாக்கிக்குப் பகை. மழைக்குப் பிந்திய ஈரமண்ணில் ஜாக்கி சாய்ந்துவிடும். சிமெண்டுத் தரையில், அல்லது கனத்த பலகையின்மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, இரும்பு முக்காலிகளை உடலுக்குக் கீழ் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் உடலை நுழைப்பவர் தம் குடும்பத்தை மறந்தவரே. செங்கற்களை அடுக்கி முட்டுக்கொடுப்பதும் கூடாது. பாரம் ஒருபுறம் விழுந்தால் செங்கல் பிளந்துபோகும்.

தண்டின் நுனியில் உள்ள பெரிய நட்டே இவ்வேலையின் முதல் தடை. அதன் பிளவு ஊசியை எடுத்துவிட்டு, கார் தரையில் நிற்கும்போதே, மற்றொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி, நட்டின் இறுக்கத்தை மட்டும் உடைக்க வேண்டும். அதன் பின்னரே தூக்கி முழுவதும் கழற்றலாம். நட்டுத் தளர்ந்த காரைச் சக்கரத்தின்மேல் நிறுத்தி உருட்டலாகாது. அந்த நட்டே சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது. தளர்ந்த நிலையில் பாரம் ஏற்றினால் நல்ல பேரிங்கும் கெடும். பழைய பேரிங் திடீரென முழங்கத் தொடங்குவது பல வேளைகளில் இப்படித்தான்.

அடுத்துக் கியர் பெட்டியின் எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் வடிக்க வேண்டும். வடித்ததைக் கால்வாயில் ஊற்றுவோரைக் கண்டிருக்கிறோம். அந்தக் கால்வாய் நம் ஆற்றில்தான் சேர்கிறது. பட்டறைகள் பழைய எண்ணெயைச் சேர்த்து வைக்கும், அங்கே கொடுத்துவிடலாம். கீழ்ப் பால் ஜாயிண்டை விடுவித்து, சக்கரக் கூட்டை வெளிப்புறமாகச் சாய்த்தால் தண்டின் வெளிநுனி உருவிக்கொண்டு வரும். துருவால் ஒட்டியிருந்தால் நுனியில் நேரடியாகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. மரையின் தலை விரிந்துவிடும். மரக்கட்டையோ செம்புத் துண்டோ இடையில் வைத்துத் தட்டுக. உள்மூட்டைக் கியர் பெட்டியிலிருந்து நெம்புகோலால் நெம்பியே எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் உள்மூட்டு பிரிந்து, குண்டுகளும் உருளைகளும் உறைக்குள் உதிரும்.

வெளியே எடுத்த தண்டை மேசைமேல் வைத்து, உறையின் பட்டைகளை அறுத்து, கிரீசைத் துடைத்து எடுக்க வேண்டும். விரலிடையில் கிரீசைத் தேய்த்துப் பார்த்தால் மணல் நெருடுகிறதா என்று தெரியும். பிறகு பள்ளங்களை ஒவ்வொன்றாக நோக்குக. பளபளப்பான தடம் இருப்பது இயல்பு. நகம் தடுக்கும் அளவுக்குக் குழி இருந்தாலும், கூண்டின் சாளர ஓரத்தில் வெடிப்பு இருந்தாலும், குண்டு நீலம் பாய்ந்திருந்தாலும் அம்மூட்டின் ஆயுள் முடிந்தது. இவை எதுவும் இல்லையானால், உறை மட்டும் கிழிந்த நிலையில் தக்க நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்று பொருள். கழுவி உலர்த்தி, புதிய கிரீசும் புதிய உறையும் இட்டு மீண்டும் பூட்டலாம். மூட்டைப் பிரித்திருந்தால் ஒவ்வொரு குண்டும் பழைய இடத்திலேயே அமரும்படி முன்பே அடையாளமிட்டிருக்க வேண்டும்.

வெளிமூட்டு எல்லாக் கார்களிலும் கழலும் என்று எண்ண வேண்டா. சிலவற்றில் ஒரு வளையம் மட்டுமே அதைப் பிடித்திருக்கும், தட்டினால் கழலும். சிலவற்றில் தண்டோடு பிரியாதபடி அமைந்திருக்கும். அத்தகைய தண்டில் உள்மூட்டைக் கழற்றி, அந்த வழியாகவே வெளியுறையை ஏற்ற வேண்டும். இதை அறியாமல் வெளிமூட்டை அடித்து உடைத்தவர் உண்டு.

புதியதா, பழையதா?

இங்கேதான் பணத்தின் கேள்வி எழுகிறது. முதல் தலைமுறைச் சாகா 2008 வரை ஏறத்தாழ அதே அடித்தளத்தில் உற்பத்தியானதால், அதற்குரிய உதிரிப் பாகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் கிடைக்கின்றன. புதிய மூட்டு, புதுப்பித்த தண்டு, பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடைகளில் கிடைக்கும் கழற்றிய தண்டு என மூன்று வழிகள் உள்ளன. கழற்றிய தண்டு மலிவு. ஆயினும் நம் கருத்து யாதெனில், ஒரு பக்க மூட்டு மட்டும் கெட்டிருந்தால், தரமான புதிய மூட்டை வாங்கி நம் தண்டிலேயே பூட்டுவது பல வேளைகளில் சிக்கனம். கழற்றிய தண்டின் உறைக்குள் எத்தனை ஆண்டுச் சேறு இருக்கிறது என்று வெளியிலிருந்து எவரும் சொல்ல முடியாது.

அதையே வாங்குவதானால், மூட்டை முழுதும் மடக்கிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் இடறினாலோ, முன்பின்னாகத் திருகும்போது தளர்ச்சி தெரிந்தாலோ விட்டுவிட வேண்டும். பழைய தண்டைக் கையோடு கொண்டு சென்று நீளம், பற்களின் எண்ணிக்கை, எண்ணெய்த் தடுப்பு அமரும் இடத்தின் பருமன் ஆகியவற்றை ஒப்பிடுக. ஒரே பெயருள்ள காரிலும் கைக்கியருக்கு ஒன்றும் தானியங்கிக் கியருக்கு ஒன்றுமாகத் தண்டுகள் வேறுபடலாம். இடத்தண்டும் வலத்தண்டும் நீளத்தில் மாறுபடும். 'எல்லாம் ஒன்றுதான், பொருந்தும்' என்னும் சொல்லை நம்பி, வீட்டிற்கு வந்து பற்களை எண்ணிப் பயனில்லை.

பூட்டுதல்

மூட்டுக்குரிய கிரீஸ் தனி வகை. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருப்பு கிரீசே வேண்டும். உறையோடு ஒரு சிறு பையில் அதுவும் வரும். கடையில் கிடைக்கும் மஞ்சள் கிரீசை அள்ளித் திணித்தல் தவறு. பையில் உள்ள அளவைக் குண்டுகளுக்கு இடையிலும் உறைக்குள்ளும் பகிர்ந்து இட வேண்டும். பட்டையை இறுக்கும் முன் உறையின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுக. இல்லையேல் உறை உப்பியோ ஒட்டியோ நின்று மடிப்பில் விரைவில் கிழியும்.

கியர் பெட்டியின் எண்ணெய்த் தடுப்பு வளையத்தைப் புதிதாக இட்டு, தண்டின் நுனி வளையத்தையும் மாற்றி, 'கிளிக்' என அமரும்வரை உள்ளே தள்ள வேண்டும். கையால் இழுத்தால் வரக் கூடாது. பெரிய நட்டை இறுக்கும் அளவு ஒவ்வொரு காருக்கும் கையேட்டில் உள்ளது. இத்தகைய சிறு கார்களுக்கு அது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் இருபது கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் விசை அது. ஊசித் துளை பொருந்தவில்லையென்று நட்டைப் பின்னோக்கித் தளர்த்தலாகாது. புதிய பிளவு ஊசியையே இட வேண்டும். பழைய ஊசியை நிமிர்த்தியோ, ஆணியையோ கம்பியையோ வளைத்தோ வைப்பதைப் பட்டறைகளிலும் காண்கிறோம். ஓட்டத்தில் அந்த நட்டுக் கழல்வதென்பது சக்கரத்தின் பிடி கழல்வதாகும்.

வடித்த எண்ணெய்க்கு ஈடாகக் கியர் பெட்டியில் உரிய எண்ணெயை உரிய மட்டம்வரை ஊற்றுவதை மறந்து ஓட்டிச் சென்றோர், மூட்டைக் காப்பாற்றிப் பெட்டியை இழந்தனர். இதற்குப் பின் அதே திடலுக்குச் சென்று இருபுறமும் வட்டமிட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி இருக்கிறதா என்று நோக்குக.

இனி உறைகளைப் பார்ப்பது எளிய பழக்கம். எஞ்சின் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டீரிங்கை ஒருபுறம் இறுதிவரை திருப்பி வைத்து, கைவிளக்கால் சக்கரத்தின் பின்புறம் பார்த்தால் வெளியுறையின் மடிப்புகள் விரிந்து தெரியும். வெடிப்பு உண்டா, சக்கர வளையத்தின் உட்புறம் கருப்புத் தெறிப்பு உண்டா என்று காண ஒரு பக்கத்திற்கு இரு நிமிடம் போதும். மெக்கானிக்கிடம் விட்டால், "பூட் நான்கையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பெறுக.